பனி ஸ்கேட்டிங் போட்டியில் மகள் செய்த டபுள் ஆக்சல், அதாவது இரண்டரைச் சுற்றுத் தாவல், வீடியோவில் முழுசாகத்தான் தெரிகிறது. பிறகு ஏன் 'சுற்று குறைவு' என்று மதிப்பெண்ணை வெட்டினார்கள்?

தாப்பாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. விடியற்காலைப் பஸ் ஏறி, சன்வே பிரமிட் பனி அரங்குவரை பிள்ளையைக் கூட்டிப்போகிறவராக இருப்பீர்கள். மனசு கொதிப்பது நியாயம்தான். ஆனால் அந்த வீடியோவை நம்பி மல்லுக்கு நிற்காதீர்கள்.

இந்தத் தாவலில் உடம்பு நொடிக்குச் சுமார் 4 சுற்று வேகத்தில் சுழலும். நொடிக்கு 30 படம் பிடிக்கும் கைப்பேசியில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 48 பாகை ஓடிவிடும். சண்டையே கால் சுற்றுக்கு, அதாவது 90 பாகைக்குத்தான். நொடிக்கு 240 படம் வைத்தால் இடைவெளி 6 பாகை.

ஒட்டுக்கடை மேசையில் ஒரு தேநீர்க் கரண்டியை வைத்துப் பாருங்கள். காம்பு குதிகால், குழி கால்விரல். பிள்ளை இடமிருந்து வலமாகப் போகிறாள். ஸ்கேட்டிங் காலணியின் அடிக்கத்தி நுனி பனியைத் தொடும் அந்தக் கணத்தில் காம்பு வலப்பக்கம் இருந்தால் சுற்று முழுசு. கரண்டி குறுக்கே கிடந்தால் சரியாகக் கால் சுற்று குறைவு: 'கியூ' குறி விழும், டபுள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 3.30 அப்படியே நிற்கும், தாவிய நேர்த்திக்கு நடுவர்கள் போடும் தரப் புள்ளி மட்டும் இறங்கும். குறுக்கைத் தாண்டி, குழி வலப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தால் அடிப்படை மதிப்பில் 80 விழுக்காடு, அதாவது 2.64. குழி நேரே வலப்பக்கம் பார்த்தால் அரைச் சுற்று போச்சு. ஒன்றரைச் சுற்றுத் தாவலான சிங்கிள் ஆக்சலின் 1.10தான் கிடைக்கும்.

"காலை ஊன்றியபின் பின்பக்கமாகத்தானே போனாள்?" என்று கேட்பார்கள். மீதிச் சுற்றைப் பனிமேல் திருகி முடித்திருப்பாள். தடத்தைப் பாருங்கள்: சுத்தமான இறக்கம் வழவழப்பான வளைவாகத் தொடங்கும், குறைந்த இறக்கத்தின் தலைப்பில் சின்னக் கொக்கி இருக்கும். பெரும்பாலும் கையைத் தாமதமாக இழுப்பதும், பயத்தில் சீக்கிரம் உடம்பைத் திறப்பதும்தான் காரணம்.

நான் நடுவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. சுற்று குறைவா என்று தீர்மானிக்கும் தொழில்நுட்பக் குழுவில் மூவர், பெரும்பான்மைதான் முடிவு. சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் பக்கம் நிற்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் ரீப்ளே கேமரா ஒரு பக்கத்திலிருந்தே பார்த்தால், தூரத்து மூலைத் தாவல்களில் கோணம் ஏமாற்றும். அது உண்மையான குறை.

இன்னொரு வருத்தம்: 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் மலேசியாவின் ஜூலியன் யீ ஸ்கேட்டிங் ஆடினார். நம் தோட்டத்து ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

அடுத்த முறை தடுப்போரம் நின்று சாய்வாக எடுக்காதீர்கள். மேல்மாடியிலிருந்து, அவள் இறங்கும் இடத்தைக் கீழ்நோக்கி எடுங்கள். கத்தியும் தடமும் ஒரே படத்தில் விழும்.