தெருவில் முன்பின் தெரியாதவர்களை அவர்கள் அறியாமல் படம் எடுப்பது சரியா?

கேள்வி கேட்டவர் கேமரா வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும் என்றும், எடுத்த படங்களை வெளியிடத் தயங்கிக்கொண்டிருக்கிறார் என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாகச் சென்னைத் தெருக்களில் படம் எடுத்து வருகிறேன். எடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எடுப்பது ஒரு செயல், வெளியிடுவது வேறொரு செயல். இதை நான் தெரிந்துகொண்டது, ஒரு பெண்ணுக்குத் தீராத சங்கடத்தை உண்டாக்கிய பிறகுதான்.

2021 நவம்பரில், நல்ல மழை நாளொன்றின் மாலையில், மயிலாப்பூர் லஸ் முனையில் ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்தேன். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸின் துளை அளவு), ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவைப்பது என் வழக்கம். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகவும் வேண்டியதில்லை. அப்போது ஒரே குடையின் கீழ் ஒரு இளைஞரும் ஒரு பெண்ணும் தேங்கிய நீரைத் தாண்டி வந்தார்கள். குடையின் கம்பி ஒன்று முறிந்து, துணி ஒரு பக்கம் தொங்கியது. இளைஞர் கையில் குடையும், அந்தப் பெண்ணின் சாப்பாட்டுப் பையும். அந்தப் பெண்ணோ புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, படத்தின் இடது ஓரத்தில், குடைக்குப் பாதி வெளியே, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்த வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவர் முகம் சற்றே மங்கி, படத்தின் கட்டமைப்பைக் கெடுப்பதாக எனக்குப் பட்டது. அவரை வெட்டிவிட்டேன். "மழைக் காதல்" என்று இரண்டு சொற்களைப் போட்டு முகநூலில் ஏற்றினேன். நான் அதுவரை எடுத்த படங்களில் அதிகம் பகிரப்பட்டது அதுதான்.

நான்காம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்தே செய்தி வந்தது. படம் அவருடைய குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து புகுந்த வீட்டுக்கும் போயிருந்தது. உடன் வந்தவர் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர். கோபமாக ஒரு வார்த்தைகூட அந்தப் பெண் எழுதவில்லை. "எங்களோட இன்னொரு அம்மாவும் வந்தாங்களே சார், அவங்க எங்கே?" என்று மட்டும் கேட்டிருந்தார். படத்தை உடனே நீக்கி, வெட்டாத மூலப் படத்தை அவருக்கு அனுப்பினேன். கைமாறிப்போன பிரதிகளை யாராலும் திரும்ப வாங்க முடியாது. வீட்டில் பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

"பொது இடத்தில் எடுக்கச் சட்டம் தடுக்கவில்லையே" என்று சிலர் வாதிடுவார்கள். பொதுத் தெருவில் படம் எடுப்பதையே தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு புட்டசாமி தீர்ப்பில், ஒருவர் பொது இடத்தில் இருப்பதனாலேயே அவருடைய தனியுரிமை பறிபோய்விடுவதில்லை என்று நீதிபதி சந்திரசூட் எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் யூதப் பெரியவர் ஒருவரை அவருக்குத் தெரியாமல் புகைப்படக் கலைஞர் பிலிப் லோர்கா டிகோர்சியா படம் எடுத்தார்; அதை எதிர்த்து, மத நம்பிக்கையின் பேரில் அந்தப் பெரியவர் வழக்குத் தொடுத்தார். அது கலைப்படைப்பு என்று கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அந்தப் பெரியவரின் மனக்குறை அதனால் தீர்ந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

"கேட்டுவிட்டு எடுத்தால் போயிற்று" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட மறுகணமே மனிதர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றுவிடுகிறார்கள். அதுவும் நல்ல படம்தான், ஆனால் அது உருவப்படம். தெரு தன்போக்கில் எப்படி இருந்தது என்பதற்கு, கேட்காமல் எடுத்த படங்களை விட்டால் நம்மிடம் வேறு சாட்சி குறைவு. அதற்காக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகக் கிளம்பி, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில் நடைபாதையில் உறங்குபவர்களைப் படம் எடுத்து வருவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் படங்களுக்குப் போட்டிகளில் பரிசு கொடுக்கும் நடுவர்கள்மீது எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. நெருங்கிப் போய் எடுப்பவனையாவது எதிரில் இருப்பவர் பார்க்கலாம், திட்டலாம், அழிக்கச் சொல்லலாம்.

இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். யாராவது கவனித்துவிட்டால் திரையைத் திருப்பிக் காட்டுகிறேன்; வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறேன். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடுவதில்லை. படத்தில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்று ஊகித்துத் தலைப்பு வைப்பதில்லை. இடமும் தேதியும் மட்டும் போடுகிறேன். ஓரத்தில் யார் நின்றாலும் இப்போது வெட்டுவதில்லை. லஸ் முனைப் படத்தின் மூலக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்த அந்த அம்மாவோடு சேர்த்து.