மேட்டுல மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்குதா? ஃப்யூவல் பம்ப்பை மாத்தறதுக்கு முன்னாடி காயிலைப் பாருங்க

பொள்ளாச்சிலேருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: 2012 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், கே10 இன்ஜின். டவுனுக்குள்ள ஒழுங்கா ஓடுது, ஆழியார் தாண்டி வால்பாறை கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சதும் வெட்டி வெட்டி இழுக்குது, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. மூணு ப்ளக்கும் மாத்தியாச்சு, இப்ப மெக்கானிக் ஃப்யூவல் பம்ப் மாத்தணும்ங்கறார், மாத்தலாமா?

இப்போதைக்கு வேண்டாங்க. பம்ப் வீக்கா இருந்தா பொதுவா மூணு சிலிண்டருக்குமே பெட்ரோல் பத்தாம வண்டி மந்தமா, இழுவையே இல்லாம போகும். நீங்க சொல்ற மாதிரி வெட்டறது பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஃபயர் ஆகறதுதான் (அதுல மட்டும் பெட்ரோல் சரியா எரியாம விட்டுப் போறது), அதனால என் முதல் சந்தேகம் இக்னிஷன் காயில் மேல.

அது ஏன் மேட்டுல மட்டும்னு கேப்பீங்க. பேட்டரியோட 12 வோல்ட்டை காயில்தான் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்னு ஏத்திக் குடுக்குது, அப்பதான் ப்ளக் முனையில இருக்கற சின்ன இடைவெளியை, அதாவது கேப்பை, ஸ்பார்க் தாண்டும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏற ஏற அந்த கேப்பைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேணும். ஐடிலிங்ல உள்ள போற காத்து கம்மி, அழுத்தமும் கம்மி, அதனால வீக்கான காயிலும் சமாளிச்சிடும், ஆனா மேட்டுல ஆக்சிலரேட்டரை அழுத்தினதும் சிலிண்டர் நிறைய காத்து போய் அழுத்தம் எகிறும்போது, ப்ளக் மேல மாட்டற காயிலோட ரப்பர் உறையில, அதாவது பூட்ல, மயிரிழை விரிசல் இருந்தாக்கூட கரண்ட் ப்ளக் கேப்பை விட்டுட்டு அந்த விரிசல் வழியா இன்ஜின் ஹெட்டுக்கு ஓடிடும். சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டின்னா இது இன்னும் சீக்கிரமே தெரியும், கேஸுக்கு வோல்ட் கூடுதலா வேணும்.

லைட் விட்டு விட்டு எரியறதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கிடும், அதோட விலைக்கு முன்னாடி காயில் விலை ஒண்ணுமே இல்ல. சரி பண்றவரைக்கும் மலை ஏத்தாதீங்க.

இப்ப செக் பண்ற விதம். முதல்ல வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கற ஓபிடி ஸ்கேனர் போடச் சொல்லுங்க, அது போடாமலே பார்ட்ஸ் மாத்தச் சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பி0301, பி0302, பி0303 இந்த எரர் கோடுகள்ல (code) எது வருதோ கடைசி நம்பர்தான் மிஸ்ஃபயர் ஆகற சிலிண்டர். உதாரணத்துக்கு பி0302ன்னா, சாவியை ஆஃப் பண்ணிட்டு இன்ஜின் ஆறினப்புறம் ரெண்டாவது காயிலைக் கழட்டி ஒண்ணாவதுல போடுங்க, ஒண்ணாவதை ரெண்டாவதுல போடுங்க, அந்த எரர் கோடை ஸ்கேனர்ல அழிச்சிட்டு ஏதாவது ஒரு பாலத்து மேட்டுல மூணாவது கியர்ல ஏத்திப் பாருங்க. கோடு பி0301னு மாறிடுச்சுன்னா காயில்தான் கோளாறு, அது ஒண்ணை மட்டும் மாத்தினா போதும். வண்டி ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பாக்கற பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக்கும் அடிக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவும் போகலாம்.

காயிலைக் கழட்டும்போதே ப்ளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆயில் தேங்கியிருந்தா மேல இருக்கற சீல் போயிருக்கு, அதை மாத்தாம புது காயில் போட்டா ஆயில்ல ஊறி அந்த ரப்பரும் வீணாயிடும். தண்ணி இருந்தா வாட்டர் சர்வீஸ்ல இன்ஜின் மேல பிரஷர்ல அடிச்சிருப்பாங்க, ஏர் அடிச்சு காயவெச்சாலே சரியாகலாம். புது ப்ளக்கையும் கழட்டுங்க, வெள்ளை பீங்கான்ல மேலிருந்து கீழ கறுப்பா பென்சில் கோடு மாதிரி இருந்தா அந்த வழியாத்தான் கரண்ட் லீக் ஆகுது, அப்ப ப்ளக், பூட் ரெண்டையும் சேர்த்தே மாத்தணும். கேப் மேனுவல்ல சொன்ன அளவுல இருக்கான்னு இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் வெச்சுப் பாருங்க, கடையில குடுத்ததை அப்படியே நம்பாதீங்க. காயில் கனெக்டர்ல லாக் உடைஞ்சிருந்தாலும் குலுங்கும்போது கான்டாக்ட் விட்டுடும்.

காயிலையும் ப்ளக்கையும் மாத்திப் போட்டும் கோடு அதே சிலிண்டர்லயே நின்னா இன்ஜெக்டரை மாத்திப் போட்டுப் பாக்கணும், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கற கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் எடுக்கணும். கோடு பி0300ன்னு எல்லா சிலிண்டரையும் மாத்தி மாத்திக் காட்டினா மட்டும் ஃப்யூவல் பிரஷரை கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்க, அது கம்மியா இருந்தா ஃபில்டரையும் பாத்துட்டு அப்புறம் பம்ப்பைப் பத்திப் பேசலாம்.