பிஃபாஸ் சோதனைக்குத் தண்ணீர் பிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீரில் பிஃபாஸ் எனப்படும், எளிதில் சிதையாத செயற்கை ஃப்ளோரின் ரசாயனங்கள் இருக்கின்றனவா என்று லேபில் பார்க்கப் போகிறோம். வீட்டிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை நன்றாகக் கழுவி, அதில் பிடித்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்த பாட்டில் இதற்கு ஆகாது. தேடும் அளவு அவ்வளவு சிறியது. பிஃபாஸ் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் குடிநீரில் வைத்த வரம்பு, லிட்டருக்குத் தலா 4 நானோகிராம். 100 கோடி லிட்டர் தண்ணீரில் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் லேப் தரும் பாட்டிலையே கேட்டு வாங்குங்கள். பாலிப்ராப்பிலீன் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக்கில் இருக்கும். கண்ணாடி வேண்டாம், சில பிஃபாஸ்கள் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, முடிவு குறைவாக வந்துவிடும். பாட்டிலுக்குள் பொடி ஏதாவது இருந்தால் அது லேப் போட்டதுதான். அலசிக் கொட்டிவிடாதீர்கள், தண்ணீர் வழியும்வரை பிடிக்கவும் வேண்டாம்.

மேல்தொட்டிக்கும் ஆர்ஓ மெஷினுக்கும் முன்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயில் பிடியுங்கள். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: பிளம்பர் மரையில் சுற்றும் வெள்ளை டேப். அது டெஃப்ளானில் செய்தது, டெஃப்ளானும் இதே ரசாயனக் குடும்பம்தான். அண்மையில் டேப் சுற்றிய குழாயைத் தவிர்த்துவிடுங்கள். வேறு குழாயை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, அப்புறம் வேகத்தைக் குறைத்துப் பிடியுங்கள்.

உடலில் பூசுவதிலிருந்தும் உடையிலிருந்தும்கூட பிஃபாஸ் வந்து கலக்கலாம். அன்று காலை சன்ஸ்கிரீன், கிரீம், மேக்கப் எதுவும் வேண்டாம். பலமுறை துவைத்த பருத்தி உடை போதும். மழைக்கோட்டும் கம்ஃபர்ட் போட்டு அலசிய துணியும் கூடாது. எண்ணெய் ஊறாத தாளில் கட்டிய பார்சலைத் தொட்ட கையோடு போகாதீர்கள். பாட்டிலைத் திறக்கும் முன் பவுடர் இல்லாத புது நைட்ரைல் கையுறை போடுங்கள். மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருங்கள், உள்பக்கம் விரல் படவே கூடாது.

பிடித்ததும் சாதாரண ஐஸில் வையுங்கள், ஜெல் பேக் வேண்டாம்.

இத்தனையிலும் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, ஃபீல்டு பிளாங்க். பிஃபாஸ் இல்லாத தண்ணீரை ஒரு பாட்டிலில் லேப் கொடுத்தனுப்பும். அதைக் குழாயடியில் வைத்துத் திறந்து, கூட வந்த காலி பாட்டிலில் ஊற்றி மூடி, மற்றதோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கூடுதல் செலவுதான், ஆனாலும் விடாதீர்கள். அதில் பிஃபாஸ் தெரிந்தால், அது கையிலிருந்தோ காற்றிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ வந்திருக்கலாம். அந்த அளவைக் கழித்துவிட்டு மீதியை நம்பாதீர்கள். புது பாட்டில் வாங்கி மறுபடியும் பிடியுங்கள்.