பிற துறைத் தேர்வாளர்களுக்குக் கலைச்சொற்களை விளக்குவது எப்படி?

கேள்வி: ஏரிப் பாசனத்தில் விவசாயிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியுள்ளேன். வாய்மொழித் தேர்வுக்கு முன் துறையில் நடந்த கருத்தரங்கில் பாசனப் பொறியியல் பேராசிரியர் ஒருவர், “திறன் என்கிறீர்களே, எத்தனை சதவீதம்?” என்று கேட்டார். சமூகவியல் பேராசிரியர், “நிறுவனம் என்று நீங்கள் சொல்வதில் சாதி அடங்குமா, அடங்காதா?” என்றார். பாடநூல் வரையறைகளைச் சொன்னேன், இருவருக்கும் நிறைவில்லை. இவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில்: ஒரு துறையின் வரையறை, அத்துறை எந்தக் கேள்வியோடு போராடுகிறது என்பதை முன்பே அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அந்தக் கேள்வியை அறியாதவரிடம் வரையறையை மட்டும் சொன்னால், அவர் அதே சொல்லுக்குத் தம் துறையில் உள்ள பொருளை வைத்துத்தான் கேட்பார். ஆகவே எந்தக் கேள்விக்கு விடை தேட அந்தச் சொல் உருவானது, அதைக் கொண்டு எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்ற இரண்டையும் நீங்கள் ஆய்வு செய்த ஏரியை வைத்தே முதலில் சொல்லிவிடுங்கள். வரையறை பிறகு வரட்டும்.

திறன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாசனப் பொறியியலில் அது ஒரு விகிதம். மதகில் 100 பங்கு நீர் திறந்து, 60 பங்கு வயலுக்கு வந்து சேர்ந்தால் வாய்க்காலின் கடத்துதிறன் 60 சதவீதம். அந்த 60 பங்கில் 36 பங்கு பயிரின் வேர்ப்பகுதியில் தங்கினால் வயலில் நீர் பாய்ச்சும் திறனும் 60 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் மொத்தத் திறன் 36 சதவீதம். பேராசிரியர் எதிர்பார்த்தது இத்தகைய ஓர் எண்ணை.

நீங்கள் பேசுவதோ ஒதுக்கீட்டுத் திறன். இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோவின் பெயரால் வழங்கும் அந்த அளவுகோல், ஒருவருக்கும் பாதகமில்லாமல் இன்னொருவருக்குக் கூடுதல் நன்மை செய்ய இனி வழியில்லை என்ற நிலையை மட்டுமே குறிக்கிறது. தலைமடையில் தேவைக்கு மேல் தேங்கும் நீரைக் கடைமடைக்கு விட்டால் தலைமடைக்காரருக்கு நட்டமில்லை, கடைமடைக்காரருக்கு ஒரு போகம் தப்பும் என்றால், இப்போதைய பங்கீடு திறனற்றது. இதில் சதவீதத்துக்கே இடமில்லை. (இருக்கும் இடுபொருள்களைக் கொண்டு எட்டக்கூடிய உச்ச விளைச்சலான உற்பத்தி எல்லையிலிருந்து ஒரு பண்ணை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கும் பொருளியலாளர்கள் சதவீதம் தருவார்கள், அது வேறு கணக்கு, உங்கள் ஆய்வேட்டில் அது இல்லை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.)

இரண்டு திறன்களும் எதிரெதிராகச் செல்லும் இடத்தைக் காட்டினால் பொறியாளர் உடனே பிடித்துக்கொள்வார். வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசினால் கடத்துதிறன் உயரும். ஆனால் பூசும் செலவு, மிச்சமாகும் நீரால் கிடைக்கும் வருவாயைவிட அதிகமானால் பொருளியல் நோக்கில் அது வீண்செலவு. மேலும், கசிந்து ‘வீணான’ நீரில் ஒரு பகுதி ஆயக்கட்டுக் (ஏரி பாயும் நிலப்பரப்பு) கிணறுகளில் ஊறுகிறது, ஒரு பகுதி ஏரிகளின் சங்கிலித்தொடரில் அடுத்த ஏரிக்குப் போகிறது. எனவே ஒரு வயலின் இழப்பு ஆற்றுப் படுகை முழுவதற்கும் இழப்பு ஆகாது. பாசனத் திறன் உயர்வதால் மட்டும் படுகையில் நீர் மிச்சமாகிவிடாது என்பதை 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று விரிவாகவே வாதிட்டது. இன்னொன்றையும் மறைக்காதீர்கள்: எல்லா நீரையும் ஒருவரே வைத்துக்கொள்ளும் பங்கீடும் பரேட்டோ அளவுகோலில் திறனுடையதாகத் தேறிவிடலாம். நியாயத்தைப் பற்றி அந்த அளவுகோல் வாய் திறப்பதில்லை. எங்கள் துறையினர் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் சமூகவியலாளர்களுக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது என்பது என் கருத்து.

அடுத்தது நிறுவனம். அமெரிக்கப் பொருளியலாளர் டக்ளஸ் நார்த் 1990இல் எழுதிய நூலில், நிறுவனங்களை ஆட்டத்தின் விதிகள் என்றும் அமைப்புகளை ஆட்டக்காரர்கள் என்றும் பிரித்தார். அந்தப் பிரிவினைப்படி நீர்வளத் துறை அலுவலகமும் பாசனச் சங்கமும் அமைப்புகள். மதகை எந்த நாளில் திறப்பது, முறை வைத்து யாருக்கு எத்தனை நாழிகை விடுவது, முறை தவறியவருக்கு என்ன அபராதம், வயல்களுக்கு முறைப்படி நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டிக்கு அறுவடையில் எவ்வளவு நெல் அளப்பது என்பவைதான் நிறுவனம். சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்தாலும் முறை தவறாமல் நடக்கிறதென்றால் நிறுவனம் உயிரோடு இருக்கிறது; சங்கம் பதிவேட்டில் இருந்தும் முறை நின்றுபோனால் அமைப்பு மட்டுமே மிச்சம்.

சமூகவியலாளர் இந்த இடத்தில் நின்றுவிட மாட்டார். சமூகவியலையே நிறுவனங்களின் அறிவியல் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் டுர்க்கைம் வரையறுத்த மரபிலிருந்து அவர் வருகிறார். அவருக்குக் குடும்பமும் சமயமும் சாதியும் நிறுவனங்கள்தாம். நார்த்தின் விதிகளில் எழுதப்படாத வழக்கங்களும் அடங்கும் என்பதால், சாதி அடங்குமா என்ற கேள்விக்கு ‘அடங்கும்’ என்பதே நேர்மையான விடை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: விதியைத் தன் இலாப நட்டத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் மனிதனுக்கு வெளியே நிற்கும் கட்டுப்பாடாகப் பொருளியல் பார்க்கிறது, அந்த மனிதனின் விருப்பங்களையே விதி உருவாக்குகிறது என்று சமூகவியல் பார்க்கிறது. நீர்க்கட்டிப் பணி உங்கள் ஊரில் குறிப்பிட்ட சாதியினரிடம் மட்டும் இருந்திருந்தால், அதைக் கூலி ஒப்பந்தமாக மட்டும் விவரித்துவிட்டு நகர முடியாது. ஆய்வேட்டில் இது ஒரு பத்தியாவது பெற வேண்டும்.

இதுவரை உங்களைக் கேட்காவிட்டாலும் இனிக் கேட்கப்போகும் சொல் ஒன்று உண்டு: பொதுக்குள வளம், அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தும் வளம். அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் யாருக்கும் தடையில்லாத மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்து, அது அழிந்தே தீரும் என்றார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரோம் 1990இல், எல்லையும் கண்காணிப்பும் படிப்படியான அபராதமும் கொண்டு மக்களே காத்துவந்த வளங்களை எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொறியாளரோ வருவாய்த் துறை பழக்கமுள்ளவரோ இச்சொல்லைக் கேட்டால் ‘ஏரி புறம்போக்கு, அரசுக்குச் சொந்தம்’ என்பார். உடைமை யாருடையது என்பதை இச்சொல் குறிக்கவில்லை, பிறரை விலக்குவது கடினம், ஒருவர் எடுத்தது மற்றவருக்குக் குறையும் என்ற இரு இயல்புகளையே குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் தெளிவுபடுத்துங்கள்.

புள்ளியியல் முக்கியத்துவத்தைப் பற்றி, அதாவது ஒரு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று காட்டும் சோதனையைப் பற்றி, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போதிய அளவு பெரிய மாதிரியில், ஏக்கருக்கு 15 கிலோ நெல் வித்தியாசம்கூட 5 சதவீத மட்டத்தில் ‘முக்கியமானது’ என்று வந்துவிடலாம். அது ஒரு மூட்டைக்கும் காணாது. ஆகவே அட்டவணையில் முக்கியத்துவத்தைக் குறிக்கும் நட்சத்திரக் குறியைக் காட்டும்போதெல்லாம் வித்தியாசத்தின் அளவைக் கிலோவிலும் ரூபாயிலும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக, “உங்கள் கோட்பாடு நிரூபணமாகிவிட்டதா?” என்று பொறியாளர் கேட்கக்கூடும். எல்லை, கண்காணிப்பு, அபராதம் பற்றிய ஆஸ்ட்ரோமின் கோட்பாடுகள் நீரியல் சமன்பாடு போல ஓர் எண்ணை முன்னறிவிப்பவை அல்ல. எந்தச் சூழலில் கூட்டுப் பங்கீடு நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தேட வேண்டிய இடத்தைக் காட்டுபவை. ஆம், இல்லை என்று பதில் சொல்வதைவிட, அவை பொருந்தாத ஏரி ஒன்றைச் சான்றாக வையுங்கள். எல்லையும் அபராதமும் தெளிவாக இருந்தும், வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராமல் போனதால் முறை சிதைந்த ஏரி உங்கள் தரவில் இருந்தால், அதைப் பின்னிணைப்பில் புதைக்காமல் முதன்மை அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். கிணற்று நீர் எங்கிருந்து ஊறுகிறது என்று பொறியாளரும், கிணறு யாரிடம் இருக்கிறது என்று சமூகவியலாளரும் உங்களிடம் அங்கேதான் கேட்பார்கள்.