எதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும்?

கேள்வி: என் வயது 44. நான்கு மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. இரவு 9 மணிக்கே படுத்தாலும் கண் அயர 11 ஆகிறது. 3 மணிக்கு விழிப்பு வந்தால் 5 மணி வரை புரள்கிறேன், பிறகு அயர்ந்து 7 மணிக்கு எழுகிறேன். படுத்தால் கால் குடைச்சல் வேறு. தோழி மூலம் அறிமுகமான ஊட்டச்சத்து ஆலோசகர், மூன்று மாதப் பேக்கேஜாக ஒரு தூக்கப் பொடியும் மெலட்டோனின் மிட்டாயும் தந்து, இரவில் பாலும் வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னார். முதல் வாரம் பலன் தெரிந்தது; இப்போது பழைய கதைதான். மாலை 6 மணிக்கு ஒரு காபி தவிர வேறு பழக்கம் எதுவும் இல்லை. இன்னும் எந்த உணவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? டப்பாவின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: சேர்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை; விலக்க வேண்டியவைதான் சில இருக்கின்றன. பாலிலும் வாழைப்பழத்திலும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இருப்பதும், அதிலிருந்து உடல் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோனைத் தயாரிப்பதும் உண்மைதான். ஆனால் ஒரு கோப்பைப் பாலில் உள்ள அளவு சிறியது. அதுவும் அதே பாலில் உள்ள மற்ற அமினோ அமிலங்களோடு போட்டியிட்டுத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும். பிடித்திருந்தால் குடியுங்கள், மருந்து என்று நினைத்துக் குடிக்க வேண்டாம்.

டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு பொருள்களின் பெயர்கள் அடுக்கப்பட்டு, அவற்றுக்குக் கீழே 'கலவை' என்று மொத்த எடை ஒன்று மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. எது எவ்வளவு என்று எங்கும் இல்லை. இப்படி எழுதப்பட்ட எதையும் வாங்காதீர்கள். மெலட்டோனின் மிட்டாயின் கதையும் இதேதான். கனடாவில் 31 மெலட்டோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், சிலவற்றில் சீட்டில் எழுதியதைவிட 83 சதவீதம் வரை குறைவாகவும், சிலவற்றில் 478 சதவீதம் வரை கூடுதலாகவும் மெலட்டோனின் இருந்தது. மருந்து என்றால் ஆயிரம் சான்று கேட்கும் சட்டங்கள், அதே பொருளின் மீது 'இணை உணவு' என்ற சீட்டை ஒட்டிவிட்டால் பல நாடுகளில் கண்ணை மூடிக்கொள்கின்றன. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்காமல் டப்பாவில் லாபம் பார்க்கும் ஒருவர், உங்களுக்கு டப்பா தேவையில்லை என்று எப்படிச் சொல்வார்? முதல் வாரப் பலனை வைத்து அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவும் வேண்டாம். தூக்கமின்மை ஏறி இறங்கும் இயல்புடையது, மிக மோசமான வாரத்தில்தான் எவரும் பணம் கட்டுகிறார்கள், அதற்கு அடுத்த வாரம் பெரும்பாலும் தானாகவே சற்று மேம்பட்டிருக்கும்.

'ஒரு காபி தவிர' என்கிறீர்கள். என் கண்ணில் முதலில் படுவதே அதுதான். பகல் முழுவதும் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் இரவில் நம்மை அயரவைக்கிறது. காபியில் உள்ள கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், 6 மணிக் காபியின் பாதி 11 மணிக்கும் உங்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். நண்பகலோடு நிறுத்திவிடுங்கள், தேநீருக்கும் இதே கணக்குதான். மது அருந்தினால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, 9 மணிக்குப் படுப்பது. நீங்கள் தூங்குவது ஆறு மணி நேரம். படுக்கையில் கிடப்பதோ பத்து மணி நேரம். மாலையில் நொறுக்குத்தீனி தின்றவருக்கு இரவில் பசி எடுக்காததைப் போல, போதிய நேரம் விழித்திராத மூளைக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. ஞாயிறு உட்பட எல்லா நாளும் காலை 6 மணிக்கு எழுந்து வெளிச்சத்துக்குப் போங்கள், இரவு 11.30-க்கு முன் படுக்காதீர்கள், பகலில் தூங்காதீர்கள். இடையில் விழித்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால், மணி பார்க்காமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்புங்கள். முதல் பத்து நாள் மிகவும் சோர்வாக இருக்கும்; அப்போது நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டாம். படுக்கையில் இருக்கும் நேரத்தின் பெரும்பகுதி தூக்கமாகவே கழியத் தொடங்கிய பிறகு, வாரம் 15 நிமிடம் வீதம் முன்கூட்டிப் படுக்கலாம்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன கால் குடைச்சலைத்தான் நான் கடந்துபோக மாட்டேன். மாலையிலும் இரவிலும் ஓய்ந்திருக்கும்போது காலை அசைத்தே தீர வேண்டும் என்று தோன்றுகிறதா, எழுந்து நடந்தால் அடங்குகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால், அது ஓய்வில்லாக் கால்கள் என்ற தனி நோயாக இருக்கலாம். ஊட்டச்சத்துக் குறைவு நேரடியாகத் தூக்கத்தைக் கெடுக்கும் இடம் அது, அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புச் சத்தின் குறைவு. இங்கே ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். அது சரியாக இருக்கும்போதே சேமிப்பில் உள்ள இரும்பு வற்றியிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக்கூடம் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமைக்கூட 'இயல்பு' என்று அச்சிட்டுத் தரலாம். ஆனால் இந்த நோயில் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறோம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த அளவு பொய்யாக உயரும் என்பதால் உடல் நலமாக இருக்கும் நாளில் எடுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு, மிகுந்த இரும்பு கல்லீரலைக் கெடுக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கும், ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்த தூக்க மாத்திரைகள் இந்தக் குடைச்சலை அதிகப்படுத்தும்.

மருத்துவரிடம் போனால் மூன்று நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதித் தருவார் என்ற உங்கள் தயக்கம் வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலேயே வழிகாட்டியது. மேலே நான் சொன்ன படுக்கை நேரக் கணக்கு அதன் ஒரு பகுதிதான். அதைச் சொல்லித்தர ஆளையும் நேரத்தையும் ஒதுக்காத மருத்துவமனைகள், மாத்திரைக்கு மட்டும் தாள் வைத்திருக்கின்றன. ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், காபி, கால் குடைச்சல் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். குறட்டையோ தூக்கத்தில் மூச்சு நிற்பதோ உண்டா என்று வீட்டில் கேட்டு அதையும் எழுதுங்கள். ஃபெரிட்டின் சோதனை வேண்டும் என்பதை அந்தத் தாளின் முதல் வரியாக வையுங்கள்.