வீட்டுக்குள் பேசியிருக்கலாமே – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சக போலீஸாரின் லஞ்சத்தை வெளியே சொன்ன நியூயார்க் போலீஸ்காரர் ஃபிராங்க் செர்பிக்கோ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நானும் சீருடைப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். நியூயார்க் போலீஸில் லஞ்சம் இருந்தது, சரி. அதற்காகத் தோளோடு தோள் நின்றவர்களைப் பத்திரிகையில் காட்டிக்கொடுப்பதா? வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே பேசியிருக்கலாமே? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். (ஓய்வுபெற்ற பிறகும் உங்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கிறது பாருங்கள்.)

செர்பிக்கோ வீட்டுக்குள்தான் முதலில் பேசினார். 1966-இல் சூதாட்டக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பிய 300 டாலர் உறை கைக்கு வந்ததும் ஒரு கேப்டனிடம் கொண்டுபோனார். பேசாமல் மறந்துவிடு, இல்லாவிட்டால் ஆற்றில் மிதப்பாய் என்கிற தொனியில் பதில் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் வேறொரு அதிகாரி, அப்புறம் இன்னொருவர். டேவிட் டர்க் என்ற சக அதிகாரியோடு மேயரின் உதவியாளர் வரைக்கும் போய்ப் பார்த்தார். எங்கும் எதுவும் நகரவில்லை. 1970 ஏப்ரல் 25 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்த பிறகுதான் மேயர் லிண்ட்சே அசைந்தார், போலீஸ் லஞ்சத்தை விசாரிக்க நாப் கமிஷன் வந்தது.

அந்தக் கமிஷன் லஞ்சம் வாங்குபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. தேடிப்போய்ப் பிடுங்குகிறவர்கள் கறி தின்னிகள். நீட்டியதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவர்கள் புல் தின்னிகள். சிக்கலே புல் தின்னிகள்தான் என்றது. அவர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் வாங்குவது சகஜமாகிப்போனது. எனக்கென்னவோ கையே நீட்டாமல் வாயையும் திறக்காதவர்களை மூன்றாவது வகையாகச் சேர்த்திருக்கலாம் என்று தோன்றும்.

1971 பிப்ரவரி 3. புரூக்ளினில் போதைப்பொருள் விற்கிறவனின் வீட்டுக் கதவு இடுக்கில் செர்பிக்கோவின் தோள் சிக்கிக்கொண்டது. உதவிக்குக் கூப்பிட்டார். பின்னால் நின்ற சகாக்கள் வரவில்லை. குண்டு முகத்தில் பாய்ந்தது. வேண்டுமென்றே நின்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது நிரூபணமாகவில்லை. ஆனால் அதிகாரி ஆபத்தில் இருக்கிறார் என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டிய தகவலை அவர்கள் சொல்லவில்லை. போன் செய்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், முன்பின் தெரியாதவர். நீங்கள் சொல்லும் வீடு அந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தது?

செர்பிக்கோவுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் கமிஷன் முன் சாட்சி சொன்னார். 1972-இல் துறையின் மிக உயர்ந்த பதக்கத்தை விழா எதுவும் இல்லாமல் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கான சான்றிதழ் 2022-இல்தான் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 85.