குழுவில் போட்டாச்சு, அப்புறம்? வேலையிட வாட்ஸ்அப் பற்றிக் கேள்வி பதில்

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துச் சங்கங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறேன். கேளுங்கள். போன் ரிப்பேர் மட்டும் வேண்டாம்.

குலசேகரம், ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர்: குழு தொடங்கியதிலிருந்து பால்வெட்டுகிறவர்கள் எந்தக் குறையும் சொல்வதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. குழுவில் முதலாளி இருக்கிறாரா? அதுதான் விஷயம். முன்பெல்லாம் பால் அளக்கிற இடத்தில் வாளியை இறக்கி வைத்தபடி, "அண்ணே, மேல் வரிசையில் ரெயின் கார்டு கிழிந்து கிடக்கு" (மழைநீர் பாலில் விழாமல் மரத்தில் கட்டுகிற பிளாஸ்டிக் மறைப்பு) என்று உங்களிடம் மட்டும் சொன்னார்கள். இப்போது அதையே நாற்பது பேரும் முதலாளியும் பார்க்க எழுத வேண்டும். யாரோ ஒழுங்காகக் கட்டவில்லை என்று கோள் சொன்னது போல ஆகிவிடும். எழுதுவார்களா? முன்பே சத்தமாகப் பேசியவர்கள்தான் குழுவிலும் பேசுவார்கள். அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதுகிற குழு ஒன்று போதும். குறை கேட்க, பால் அளக்கிற நேரத்தில் நீங்கள் நேரில் போய் நில்லுங்கள்.

தக்கலை, சங்கச் செயலாளர்: தராசு வாங்கக் கமிட்டி முழுவதும் குழுவில் "ஓகே" போட்டது. ஆடிட்டர் கேட்கும்போது பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மெசேஜ் தானாக மறையும் வசதியை யாரோ ஏழு நாளுக்கு வைத்திருக்கிறார்கள். அட்மின் தடுக்காவிட்டால் குழுவில் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். போனது போனதுதான். குழுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தோவாளை: உறுப்பினர் தப்பாக எழுதினால் அட்மின் மேல் கேஸ் வருமா?

வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021ல் சொன்னது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

நாகர்கோவில், சின்ன ஐடி கம்பெனி: வாட்ஸ்அப்பை விட்டு, ஆபீஸ் பேச்சுக்கான ஸ்லாக் ஆப்புக்கு மாறலாமா?

மாறலாம். கேம் செய்துகொண்டிருந்த ஒரு குழு தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கியது அது. கேம் ஓடவில்லை, பேசுகிற கருவி 2014ல் வெளியே வந்து ஓடியது. தலைப்புவாரியாகப் பேசலாம். நேற்று சேர்ந்த பிள்ளைகூட பொதுச் சேனலில் பழைய பேச்சைப் படித்து, ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளும். பெரிய லாபம் அதுதான். இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையது தெரியாது. ஆகவே முடிவை எழுதி வையுங்கள்.

முந்திரிக் கம்பெனி சூப்பர்வைசர்: ஷிப்ட் மாற்றத்தைக் குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் "பார்க்கவில்லை" என்றால் பொய்தானே?

போன் பார்த்தது. ஆள் பார்த்தாரா என்பது வேறு.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்: நைட் டியூட்டி முடித்து நான் தூங்கும்போது மகன் என் போனை எடுப்பான். அவன் குழுவைத் திறந்தாலும் நீலம்தான் சார்.

சூப்பர்வைசர்: அப்படியானால் போனைப் பூட்டி வைக்க வேண்டியதுதானே அக்கா?

நர்ஸ்: டியூட்டி நேரம் முடிந்தபின் என் போன் என் வீட்டுப் போன் தம்பி.

அக்கா சொல்வது சரி. தனிப் பேச்சில் நீல டிக்கை அணைக்கலாம், குழுவில் அணைக்க முடியாது. அதனால் பலர் குழுவைத் திறப்பதே இல்லை. நான் சூடுபட்டிருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் சுவரில் இருந்த டியூட்டி போர்டை எடுக்கச் சொல்லி, குழுவுக்கு மாற்றியது நான்தான். ஒருநாள் இரவு ஒரே வார்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வார்டில் ஒருவரும் இல்லை. இருவருமே மெசேஜ் பார்த்தவர்கள்தான். ஒருவர் பழையதை, மற்றவர் திருத்தியதை. மறுநாளே போர்டைத் திரும்ப மாட்டினோம்.

குளச்சல், விசைப்படகு உரிமையாளர்: எங்களுக்கு ஒற்றை டிக்கே ஓடும். ஆட்கள் கடலில்.

ஆழ்கடலில் செல்போன் டவர் கிடையாது. 2017 நவம்பர் 30 ஓகி புயலில் பார்த்தோமே. முன்பே தூரம் போய்விட்ட படகுகளுக்குக் கரையிலிருந்து செல்போனில் சொல்ல வழியில்லை. வானிலைத் தகவலுக்குக் குழுவை நம்பாதீர்கள். படகில் சாட்டிலைட் போன் வேண்டும்.

களியக்காவிளை: குழுவில் எல்லோரும் ஓகே சொன்னால் தீர்மானம் ஆகாதா?

தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இரணியல்: கமிட்டி முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால்?

புத்தகம். பேனா. கையெழுத்து. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: அனுப்பிய மெசேஜை எவ்வளவு நேரம் வரை எல்லோருக்கும் அழிக்கலாம்?

இரண்டு நாளும் சில மணி நேரமும். போன் கேள்வி வேண்டாம் என்றேனே.

சூப்பர்வைசர்: சரி சார், போர்டு வைக்கிறேன். எங்கே மாட்டுவது?

கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளில் காணாமல் போகும்.